கொல்லத்தக்க நிரல் எதுவும் இல்லை

"சர்வர் செத்துப்போச்சா, இல்ல யோசிக்குதா?" என்று கேட்டார் டாக்டர் போர்ஃபிரியோ காபான்யாஸ்.

"யோசிக்குது டாக்டர்" என்றாள் நெலிதா ஓவெலார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காலையில இருந்து யோசிக்குதே! நம்ம செனட்டருங்க கூட இவ்வளவு நேரம் யோசிக்க மாட்டாங்க."

காபான்யாஸ் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. சட்டம் படித்தவர். தலைநகர் அசுன்சியோனில் சட்டம் படித்த எல்லாரும் டாக்டர்தான். படித்து முடிக்காதவர்கள் இன்னும் பெரிய டாக்டர்கள். இவர் துறைமுகத் தெருவில் இருந்த ஆற்றுப் படகுகள் பதிவு இயக்ககத்தின் டைரக்டர். ஆற்றில் வலை வீசப் படகு இறக்குகிற எவரும் இந்த அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் ஆற்றுப் போலீஸ் வலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

மீன்பிடித் தடைக்காலம் அந்த வார இறுதியில் முடிகிறது. இரண்டு மாதமாகக் கரையில் குந்தியிருந்த படகுக்காரர்கள் அத்தனை பேரும் அலுவலக வாசலில் இருந்த மாமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் சிந்துல்ஃபோ என்ற பெரியவர் மட்டும் அடிக்கடி ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"பொண்ணே, உன் மெஷினும் எங்களை மாதிரி சீட்டுக்குத்தான் காத்திருக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க பெரியவரே."

"நான் பொறுப்பேன். என் வீட்டுல அடுப்பு பொறுக்காதே!"

நெலிதாவுக்கும் பொறுக்க நேரம் இல்லை. டிசம்பரோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் காபான்யாஸ். போதாக்குறைக்கு, இந்த அலுவலகத்தை 'காகிதமில்லா முன்மாதிரி' என்று அறிவிக்கத் துணை அமைச்சர் வேறு வரப்போகிறார்.

"டாக்டர், மெஷின்ல மெமரி பத்தல. எட்டு கிகாதான் இருக்கு. இன்னும் ரெண்டு சில்லு வாங்கிப் போட்டா சரியாயிடும்."

"வாங்கணும்னா டெண்டர் விடணும். டெண்டர் விடணும்னா கமிட்டி போடணும். கமிட்டி போடணும்னா மெம்பருங்க வேணும். மெம்பருங்க எல்லாரும் லீவு." டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடைய காரியதரிசி ஹெர்மினியா கொம்புக் குவளையில் இலைத்தூள் போட்டு ஐஸ் தண்ணீர் ஊற்றித் தெரெரே நீட்டினாள். உலோகக் குழாயில் ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "காசில்லாம ஒரு வழி சொல்லு" என்றார்.

அங்கேதான் நெலிதா வாயை விட்டாள். "மெய்நிகர் நினைவகம்னு ஒண்ணு இருக்கு. மேசையில இடம் இல்லேன்னா, இப்போ படிக்காத பக்கங்களைக் கொண்டுபோய்ப் பின்கட்டு அலமாரியில வைக்கிற மாதிரி. மெமரி நிரம்பினா, கெர்னல் சும்மா கிடக்கிற பக்கங்களை டிஸ்க்ல தள்ளிட்டு இடம் பண்ணிக்கும். வேணும்கிறப்போ திரும்ப எடுத்துக்கும்."

"கெர்னல் யாரு? ராணுவமா?"

"அந்தக் கர்னல் இல்ல டாக்டர். மெஷினுக்குள்ள எல்லாத்தையும் மேய்க்கிற நிரல். யாருக்கு எவ்வளவு இடம்னு அதுதான் தீர்மானிக்கும்."

"ஓ, நம்ம டைரக்டர் மாதிரி" என்று டாக்டர் தன்னையே குறிப்பிட்டுக்கொண்டு மகிழ்ந்தார். "இந்த மெய்நிகருக்குக் காசு?"

"இல்ல. டிஸ்க்ல இடம் ஒதுக்கினா போதும்."

டாக்டர் எழுந்தே விட்டார். "இல்லாத மெமரி, காசும் இல்ல! இதை ஏன் இத்தனை நாளா மறைச்சு வச்சே? நிறையப் போடு. எட்டுக்குப் பதிலா எண்பது போடு!"

"அலமாரி பெருசா இருந்தா மட்டும் வேலை ஓடாது டாக்டர். எழுந்து போய் எடுத்துட்டு வர்ற நேரம்..."

"அலமாரி பெருசா இருந்தா மேசையே எதுக்கும்மா?"

போட்டாள். டிஸ்க்கில் பத்து கிகாவுக்குத்தான் இடம் இருந்தது. அன்று மதியத்துக்குள் டிஸ்க் மாவரைக்கிற சத்தத்தில் அலறத் தொடங்கியது. முன்பு ஒரு மணி நேரத்தில் வந்துகொண்டிருந்த திரை, இப்போது சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வரவில்லை. சிந்துல்ஃபோ ஜன்னலில் தலையை நீட்டி, "மெஷின் இருமுதே! கஷாயம் ஏதும் வச்சுத் தரட்டுமா?" என்றார்.

டாக்டருக்கு நெலிதா விளக்கினாள். "நாள் முழுக்க ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் வைக்குது, இன்னொரு பக்கத்தை எடுத்துட்டு வருது. வச்சதையே மறுபடி எடுக்கப் போகுது. இந்த நடையிலேயே பொழுது போயிடுது. வேலை செய்ய நேரம் இல்ல."

"நம்ம ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க? மெஷின் மட்டும் என்ன உசத்தி?"

ஆனாலும் துணை அமைச்சரை நினைத்து டாக்டர் கலங்கினார். "வேற வழி?"

"ஒவ்வொரு பிரிவோட நிரலுக்கும் ஒரு வரம்பு கட்டலாம். இதுக்கு மேல மெமரி எடுக்கக் கூடாதுன்னு."

"ஜனநாயகம்! கூட்டத்தைக் கூட்டு."

பிரிவுத் தலைவர்கள் கூடினார்கள். கணக்குப் பிரிவு பிரிட்டெஸ், எப்போதும் கழுத்துப் பட்டையை இறுக்கிக்கொண்டே பேசுபவர். ஆவணப் பிரிவு தோன்யா பெத்ரோனா, பேசும்போது மற்றவர்கள் கழுத்தை இறுக்குபவர். இன்னும் ஐந்து பேர். நெலிதா பலகையில் எழுதினாள்: ஆளுக்கு ஒரு கிகா.

"எனக்கும் ஒண்ணு, அந்தத் தபால் பிரிவுக்கும் ஒண்ணா?" என்று பிரிட்டெஸ் எழுந்தார். "நான் என்ன தபால்தலையா ஒட்டறேன்?"

"எனக்கு மூணு" என்றார் பெத்ரோனா. "படகுப் படங்க எல்லாம் என்கிட்டதான் இருக்கு."

"அவளுக்கு மூணுன்னா எனக்கு நாலு."

"எதுக்கு? பூஜ்யத்தை எல்லாம் கொட்டை எழுத்துல போடப் போறியா?"

"தோன்யா பெத்ரோனா, என் மச்சான் கட்சியில வட்டாரச் செயலாளர். ஞாபகம் இருக்கட்டும்."

டாக்டருக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. பிரிட்டெஸுக்கு ஐந்து என்று எழுதச் சொன்னார். பெத்ரோனாவுக்கு மச்சான் இல்லாவிட்டாலும் குரல் இருந்தது, அவருக்கும் ஐந்து. மற்றவர்கள் மனம் நோகாமல் ஆளுக்கு மூன்று. கூட்டம் கைதட்டலோடு முடிந்தது.

நெலிதா பலகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "டாக்டர், நம்மகிட்ட இருக்கிறது எட்டு. நீங்க வாக்குக் குடுத்தது இருபத்தஞ்சு."

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கேக்க மாட்டாங்கம்மா. அரசாங்கமே அந்த நம்பிக்கையிலதான் ஓடுது."

கெர்னலும் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்பது நெலிதாவுக்குத் தெரியும். கேட்கிற நிரலுக்கெல்லாம் 'எடுத்துக்கோ' என்று சொல்லிவிடும். எடுக்க வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும்.

மறுநாள் காலை எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க வந்தார்கள். கொடுத்த வரம்பைப் பயன்படுத்தாவிட்டால் அடுத்த முறை குறைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு தலைவருக்கும் பயம். பெத்ரோனா பழைய படங்கள் அத்தனையையும் திறந்து வைத்தார். தபால் பிரிவில் வரைபடம் வரைந்தார்கள். பிரிட்டெஸ் உண்மையிலேயே ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்: ஊழியர்களின் ஆண்டுக் கடைசி போனஸ் கணக்கு.

மெமரியும் தீர்ந்தது, டிஸ்க்கில் ஒதுக்கிய இடமும் தீர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் கெர்னல் கடைசியாக ஒன்று செய்யும். யார் அதிக இடம் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நிரலைக் கொன்றுவிடும். அந்த நிமிடத்தில் அதிகம் அடைத்துக்கொண்டிருந்தது போனஸ் கணக்கு.

பிரிட்டெஸ் கழுத்துப் பட்டையோடு ஓடி வந்தார். "கொலை! பட்டப்பகல்ல கொலை!"

அவருக்குப் பின்னால் அலுவலகமே வந்தது. போனஸ் என்ற சொல் அந்தக் கட்டடத்தில் தீயணைப்பு மணியைவிட வேகமாகப் பரவும்.

"எந்தப் பாவி கொன்னது?" என்று கேட்டார் பெத்ரோனா.

"கெர்னல்" என்றாள் நெலிதா.

"முப்பத்தஞ்சு வருஷம் இந்த நாட்டுல ராணுவம் ஆட்சி பண்ணினது போதாதா?"

நெலிதா எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்று இருந்தது. கையில் இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதே என்று கெர்னலுக்கே கட்டளை போடலாம். முதலில் அந்தப் பத்து கிகா மாயத்தை அழித்தாள். பிறகு கட்டளையைப் போட்டாள்.

அவ்வளவுதான். கெர்னல் ஒரே நாளில் உத்தமனாகிவிட்டது. எந்த நிரல் வந்து கேட்டாலும் 'இடம் இல்லை' என்றது. கணக்குத் திரையில் இடம் இல்லை. ஆவணத் திரையில் இடம் இல்லை. கவுண்டர் திரையில் இடம் இல்லை. கட்டளையை மாற்றலாம் என்று நெலிதா திரையில் இன்னொரு ஜன்னல் திறந்தாள். அவளுக்கும் இடம் இல்லை. மின்சாரத்தைப் பிடுங்கித்தான் மெஷினை மீட்க வேண்டியிருந்தது.

"உண்மையைப் பேசினா ஆபீஸ் ஓடாதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார் டாக்டர். "பழையபடி வாக்குக் குடுக்கச் சொல்லு. ஆனா கொலை மட்டும் கூடாது."

"கொல்லாம இருக்க முடியாது டாக்டர். வாக்கு அதிகமானா யாராவது ஒருத்தர் போயாகணும்."

"பிரிட்டெஸோடது போகக் கூடாது. அதுக்கு ஏதாவது பாதுகாப்பு?"

"இருக்கு. இன்ன நிரலைத் தொடாதேன்னு கெர்னல்கிட்ட எழுதி வைக்கலாம்."

"அதாவது செனட்டருங்களுக்கு இருக்கிற மாதிரி விலக்குரிமை!" டாக்டர் கண்கள் பளிச்சிட்டன. "எழுது."

பிரிட்டெஸுக்கு விலக்குரிமை கிடைத்த செய்தி மாடிப்படி இறங்குவதற்குள் பெத்ரோனா வந்துவிட்டார். அவரைத் தொடர்ந்து தபால். அப்புறம் மற்றவர்கள். டாக்டர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தன் பங்குக்கு, அறைச் சுவரில் வண்ண வண்ணமாக ஓடும் வரைபட நிரலுக்கும் ஒரு விலக்குரிமை கேட்டு வாங்கிக்கொண்டார். அமைச்சர் வரும்போது சுவர் வெறுமையாக இருக்கக் கூடாதாம்.

"எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் யாரைக் கொல்றது?" என்று நெலிதா கேட்டாள்.

"யாரையும் கொல்ல வேண்டாம்னுதானே குடுக்கறோம்?"

நிர்வாகம் முழுவதற்கும் எழுது என்று டாக்டர் கட்டளையிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த எதையும் தொடக் கூடாது என்று நெலிதா ஒரே வரியில் எழுதி வைத்தாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெமரி மறுபடி நிரம்பியது. கெர்னல் கொல்வதற்கு ஆள் தேடியது. ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாம் பெரிய இடம். கடைசியில் திரையில் ஒரு வரி எழுதியது: 'நினைவகம் தீர்ந்தது. கொல்லத்தக்க நிரல் எதுவும் இல்லை.' எழுதிவிட்டு, தானே உயிரை விட்டது.

மொத்தக் கட்டடமும் அமைதியானது. டிஸ்க்கின் அரைக்கும் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் வாசல் கதவை யாரோ தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு பலர் தட்டினார்கள்.

"பொண்ணே!" என்று சிந்துல்ஃபோவின் குரல். இந்த முறை அதில் கேலி இல்லை. "நாளைக்கு ஆறு திறக்குது. இன்னிக்குச் சீட்டு வரலேன்னா நாங்க கரையில நின்னுக்கிட்டு, அடுத்தவன் சுருபி மீனைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். ரெண்டு மாசமா என் பேரப்பிள்ளைங்க மரவள்ளியத் தவிர ஒண்ணும் பாக்கல. நீயே சொல்லு."

ஜன்னலைச் சாத்த நெலிதாவுக்கு மனம் வரவில்லை. மெஷினை எழுப்பிவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். ஹெர்மினியா குவளையில் இலையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், மெஷினை எழுப்பிட்டேன். இப்போ யாராவது ஒருத்தரோட விலக்குரிமையை எடுத்தாகணும். இல்லேன்னா இன்னும் அரை மணி நேரத்துல திரும்பச் செத்துடும்."

"யாரோடதை எடுக்கறது? பிரிட்டெஸுக்கு மச்சான். பெத்ரோனாவுக்கு..." டாக்டர் முடிக்கவில்லை. பெத்ரோனாவுக்கு இருப்பதைச் சொல்லக் கூட அவருக்கு அச்சம்.

"உள்ள மொத்தம் ஒன்பது நிரல் ஓடுது. எழுதிக் குடுத்த கம்பெனிக்காரன் இழுத்து மூடிட்டுப் போயிட்டான். பேருக்குப் பதிலா வெறும் நம்பர்தான் வச்சிருக்கான். பிரிவுகளோடது ஏழு, உங்க சுவர்ப் படம் ஒண்ணு. ஒன்பதாவது நிரல் மட்டும் யாரோடதுன்னு தெரியல. எல்லாத் தலைவருங்களையும் கேட்டுப் பார்த்தேன், எங்களோடது இல்லேங்கறாங்க. இருக்கிறதுலயே அதுதான் அதிகமா முழுங்கி வச்சிருக்கு. நாளுக்கு நாள் வேற பெருத்துக்கிட்டே போகுது."

"யாரும் வந்து சிபாரிசு பண்ணலையா?"

"இல்ல."

"மச்சான், மாமன்?"

"யாரும் இல்ல டாக்டர். ஆனா அது என்ன வேலை செய்யுதுன்னு..."

டாக்டர் கையை உயர்த்தினார். ஒரு நிர்வாகியின் வாழ்க்கையில் எப்போதாவது வரும் தெளிவு அவர் முகத்தில் வந்திருந்தது. "இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் தேடாத ஒண்ணு இருக்குன்னா, அது வேண்டாத ஒண்ணு. தின்னு கொழுத்துக்கிட்டு வேலை செய்யாம கிடக்குது. அதைக் கொல்லட்டும். என் உத்தரவு."

நெலிதா போய் அந்த ஒன்றின் விலக்குரிமையை மட்டும் நீக்கினாள். என்ன நின்றுபோகுமோ, எந்தப் பிரிவு அலறிக்கொண்டு ஓடி வருமோ என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மெமரி நிரம்பியது. கெர்னல் ஆள் தேடியது. கொன்றது.

யாரும் அலறவில்லை. அதற்குப் பதில், கவுண்டரில் இருந்த பிரிண்டர் தொண்டையைச் செருமியது. ஒரு சீட்டு வந்தது. இன்னொன்று. பிறகு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கவுண்டர்க்காரி பெயரைக் கூவக் கூவ, மாமரத்தடி காலியானது. சிந்துல்ஃபோ தன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பிக்குள் வைத்து, தொப்பியைத் தலையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நெலிதாவின் மேசையில் வாழை இலையில் சுற்றிய ஒரு மீன் இருந்தது. அறை முழுக்க வாடை. அவள் அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். கேட்டவர்களிடம் வாடை தாங்கவில்லை என்றாள்.

அதன்பிறகு அந்த அலுவலகத்தில் நடந்ததை ஊரே பேசியது. மனுக் கொடுத்தவன் பக்கத்துக் கடையில் சிப்பா ரொட்டி ஒன்று தின்று முடிப்பதற்குள் சீட்டு வந்தது. முன்பெல்லாம் அதே சீட்டுக்கு மாதக்கணக்கில் நடப்பார்கள். மெமரி பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. பிரிட்டெஸுக்கும் பெத்ரோனாவுக்கும் சண்டை போட ஒன்றும் இல்லாமல், ஒருவர் உடல்நிலையை ஒருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். நெலிதா மட்டும் தினமும் காலையில் யாராவது புகார் சொல்லி வருகிறார்களா என்று பார்ப்பாள். யாரும் வரவில்லை.

துணை அமைச்சர் வந்தார். கேமராக்கள் வந்தன. டாக்டர் காபான்யாஸ் புதுக் கோட்டில், வண்ண வரைபடம் ஓடும் சுவருக்கு முன்னால் நின்று பேசினார்.

"இல்லாததை வச்சு ஆள்றதுதான் நிர்வாகம், ஐயா. மெய்நிகர் நினைவகம்னு ஒண்ணை நான் அறிமுகப்படுத்தினேன். வரம்பு கட்டினேன். விலக்குரிமை குடுத்தேன். கடைசியில ஒரு கடுமையான முடிவும் எடுத்தேன். யாரும் தேடாத, வேலை செய்யாத, எல்லாத்தையும் அடைச்சுக்கிட்டுக் கிடந்த ஒண்ணை இரக்கம் பாக்காம நீக்கினேன். அன்னிக்கே ஆபீஸ் பறக்க ஆரம்பிச்சிடுச்சு."

துணை அமைச்சர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "பிரமாதம் டாக்டர்! எல்லா இயக்ககத்துலயும் இதையே செய்யச் சொல்லப் போறேன். நீங்க நீக்கினது எதைன்னு சொல்லுங்க, உத்தரவுல எழுதணும்."

டாக்டர் நெலிதாவைப் பார்த்தார். நெலிதா தரையைப் பார்த்தாள். "நம்பர்தான் தெரியும், ஐயா. அது என்னன்னு..."

"ஒப்புதல் நிரல், ஐயா" என்றாள் ஹெர்மினியா. துணை அமைச்சருக்குக் குவளையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு மனுவையும், படகுப் படத்தோட சேர்த்து, டைரக்டர் பார்த்து 'சரி'ன்னு அழுத்துற வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும். டாக்டருக்கு மனசு வர்ற அன்னிக்கு நாலஞ்சு அழுத்துவார். மிச்சமெல்லாம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். அதுவே ஓடாம, பதிலே வரலேன்னா, கவுண்டர்ல சம்மதம்னு எடுத்துக்கிட்டு அச்சடிச்சுடும்."

கேமராக்கள் மெல்ல டாக்டர் பக்கம் திரும்பின.

"ஹெர்மினியா! அது செத்துப்போச்சுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்களே தேடுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன், டாக்டர்."